அக்கா வீட்டுக்கு மட்டும் நீளத் திருகாணி

வில்லோ கோர்ட் குடியிருப்பில் எங்கள் எல்லோருக்கும் கொரின் மாப்ரி என்றால் கொஞ்சம் பயம். எங்கள் லிமா ஊருக்குத் தெற்கே இருக்கிற பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிற வேலை அவளுக்கு. குட்டை உருவம், நரைத்த கிராப்பு. ஒரு குளிர்காலத்தில், சக்கர நாற்காலிக்காரர்கள் ஏறுகிற சரிவில் பனியைக் குவித்து வைத்துவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான் பனி வாருகிறவன். கொரின் மண்வெட்டியைக் கொண்டு வந்து, அந்தப் பனியை அள்ளி அள்ளி அவன் வண்டியின் முன்கண்ணாடி மேலேயே போட ஆரம்பித்தாள். அவன் இறங்கி ஓடி வந்து சரிவைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போனான்.

அப்படிப்பட்டவள் சொந்தத் தம்பியிடம் கோபப்பட்ட கதை இது. கோபத்துக்கு நியாயம் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே ரத்தம் கொதிக்கிறது.

போன இலையுதிர் காலத்தில் நிர்வாகம் எங்கள் வரிசை முழுக்கச் சமையலறைகளை மாற்றிக் கொடுத்தது. பழைய அலமாரிகளைப் பிடுங்கிவிட்டு வெள்ளை நிறத்தில் புதுசு. அடுப்புக்கு மேலே, கழுவுதொட்டிக்கு மேலே, எல்லாம் சுவரில் தொங்குகிற அலமாரிகள். மாட்டியவன் கொரினின் தம்பி வெண்டல். நிர்வாகத்தில் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல மனுஷன், சிரித்த முகம். என் வீட்டில் மாட்டிவிட்டுப் போகும்போது என் நாய்க்கு பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனான்.

எங்கள் வீடுகளின் உள்சுவர் செங்கல் இல்லை. ஜிப்சம் பலகை. அதற்குப் பின்னால் மரச்சட்டங்கள் இடைவெளி விட்டு நிற்கும், நடுவில் வெறும் காற்று. படம் மாட்டலாம், காலண்டர் மாட்டலாம். கனமான எதையும் அந்தச் சட்டத்தில் திருகினால்தான் நிற்கும். பலகையில் மட்டும் திருகினால், கேக்கில் ஆணி அடித்த மாதிரிதான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கொரினுக்குப் பக்கத்து வீட்டில் இடி விழுந்த மாதிரி சத்தம். அந்த வீட்டில் ஜனெல் ஆஸ்குட், மூன்று வயது மகளோடு தனியாக இருந்தாள். முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. நானும் கொரினும் ஓடிப் போனோம். அடுப்புக்குப் பக்கத்து அலமாரி, தட்டு கிண்ணம் எல்லாவற்றோடும் முழுசாகக் கீழே கிடந்தது. அதன் விளிம்புக்கு அடியில் ஜனெலின் கை. பிள்ளை முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் நல்லது.

ஆம்புலன்ஸ் வந்து ஜனெலை ஏற்றிக்கொண்டு போனது. பிள்ளையை நான் என் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கொரின் துடைப்பத்தோடு அங்கேயே இருந்தாள். பீங்கான் சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்திருக்கிறாள். அலமாரி இருந்த இடத்தில் ஓட்டைகள், சுற்றிலும் பலகை பிய்ந்து மாவாக உதிர்ந்திருந்தது. கீழே கிடந்த அலமாரியின் முதுகில், சுவரிலிருந்து பிய்ந்து வந்த பிளாஸ்டிக் பிளக்குகள், ஒவ்வொன்றிலும் விரல் நீளம்கூட இல்லாத கறுப்புத் திருகாணி. ஒன்றுகூட மரத்தில் ஏறவில்லை.

நேராகத் தன் வீட்டுக்குப் போனாள். அவள் வீட்டிலும் அதே அலமாரி, அதே இடம். சாமான்களை இறக்கி வைத்துவிட்டு உள்ளே விளக்கடித்துப் பார்த்தாள். அலமாரியைச் சுவரோடு பிடிக்கிற முதுகுப் பட்டையில், அகலத் தலை வைத்த, தடித்த, பளபளப்பான திருகாணிகள். ஒன்றைக் கழற்றிப் பார்த்தாள். சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருந்தது. நுனியில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

அன்று மத்தியானமே வெண்டலைக் கூப்பிட்டாள். எதற்கென்று சொல்லவில்லை. அவன் வழக்கம்போல பின்கதவு வழியாக வந்து, "என்ன கோரி, சில்லிக் குழம்பு ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே குளிர்பெட்டியைத் திறந்தான். பிள்ளைக்கு மாற்றுத் துணி எடுக்க, ஜனெல் வீட்டுச் சாவியை வாங்க வந்த நான் அந்த நேரம் அங்கேதான் இருந்தேன்.

"அதை மூடு. இந்த அலமாரிய மாட்டினது யாரு?"

"நான்தான். ஏன், நல்லாதானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் கேக்குறேன். ஜனெல் வீட்டுல மாட்டினது யாரு?"

வெண்டலின் சிரிப்பு அப்படியே நின்றது. "என்ன ஆச்சு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான்தான்."

"அவ ஆஸ்பத்திரியில இருக்கா. கை ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு."

அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கொரின் கையிலிருந்த நீளத் திருகாணியையும் கறுப்புத் திருகாணியையும் அவன் முன்னால் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"தெரியாம செஞ்சிருந்தா என் வீட்டுலயும் தப்பா செஞ்சிருப்ப. அப்போ நான் உன்னை மடையன்னு திட்டிட்டு விட்டிருப்பேன். உனக்குத் தெரிஞ்சிருக்குடா. என் வீட்டுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு."

"கோரி, நான் சொல்றதைக் கேளு. மேனேஜர் லிண்ட்ஹோம்தான் அந்த ஸ்க்ரூவ வாளி வாளியா வாங்கிக் குடுத்தான். இதைத்தான் போடணும்னான். சட்டத்தைத் தேடிக்கிட்டு நின்னா, உனக்கு மணிக்கணக்குல சம்பளமா, வேலைக்குச் சம்பளமான்னு கத்துவான். சில இடத்துல அலமாரிக்குப் பின்னால சட்டமே வராது. பலகைய வெட்டி உள்ள குறுக்குக் கட்டை வைக்கணும். அதுக்கெல்லாம் அவன் நேரமே குடுக்கல."

"என் வீட்டுக்கு?"

"ஒரு ஞாயித்துக்கிழமை வந்து மாத்திட்டேன். நீ சர்ச்சுக்குப் போயிருந்த. ஸ்க்ரூ நானே வாங்கினது."

"ரொம்ப நன்றி," என்றாள் கொரின். அவள் குரல் ஏறவே இல்லை. "அந்த ஞாயித்துக்கிழமை பக்கத்துக் கதவைத் தட்டி, ‘தட்டையெல்லாம் கீழ இறக்கி வையும்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியல உனக்கு."

"சொன்னா வேலை போயிடும்."

"அவளுக்குக் கை போச்சு."

கொரின் அவனுக்குத் திங்கட்கிழமை வரைக்கும் தவணை கொடுத்தாள். நகராட்சிக் கட்டட ஆய்வாளரிடம் நீயே சொல், இல்லையென்றால் நான் சொல்வேன் என்றாள். சில்லி இருந்தது, கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே வரிசை முழுக்கக் கதவு கதவாகத் தட்டி, மேல் அலமாரிகளைக் காலி செய்யச் சொன்னாள். குளிர்பெட்டியில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். அதைச் சுவரில் மெதுவாக நகர்த்தினால், பலகையைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற திருகாணி உள்ளே இருக்கிற இடத்தில் சட்டென்று ஒட்டும். அந்தக் கோட்டில்தான் மரம். பிறகு அலமாரிக் கதவைத் திறந்து, திருகாணி அந்தக் கோட்டுக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று காட்டினாள். என் வீட்டில் அரை முழம் தள்ளி இருந்தது. நாய்க்கு பிஸ்கட் கொடுத்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வீட்டு டீக் தாத்தா மட்டும் மறுத்தார். பழைய லாரி டிரைவர். தக்காளியை டின் டின்னாக வாங்கி அடுக்கி வைத்திருந்தார்.

"கண்ணு, என்னால குனிய முடியாது. கீழ வச்சா நான் எப்படி எடுக்கிறது?"

"மேல வச்சா தலைக்கே வந்துடும் டீக். எடுக்கவே வேண்டாம்."

அவர் ஒரு டின்னை இறக்கிக் கொரின் கையில் கொடுத்தார். பிறகு, "சரி, கட்டில்ல அடுக்கு. நான் சோபாவுல படுத்துக்கிறேன்," என்றார்.

திங்கட்கிழமை பள்ளி முடிந்து கொரின் நிர்வாக அலுவலகத்துக்குப் போனாள். நாங்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் நின்றோம். லிண்ட்ஹோம் நாற்பது வயசுக்காரன், எப்போதும் பல் தெரியச் சிரிப்பான். ஜனெலுக்காக ரொம்ப வருத்தப்படுவதாகச் சொன்னான். அதே மூச்சில், "ஆனா பாருங்க மிஸ் மாப்ரி, அந்த அலமாரியில அளவுக்கு மேல பாரம் ஏத்தியிருக்காங்க. பீங்கான் தட்டு அவ்வளவு அடுக்கக் கூடாது," என்றான்.

"சமையலறை அலமாரியில தட்டு வைக்காம வேற என்ன வைக்கிறது? கோழி இறகா?"

"லேசான சாமான் வைக்கலாமே."

"உங்க வீட்டுல காகிதத் தட்டுலயா சாப்பிடுறீங்க?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். லிண்ட்ஹோமின் முகம் சிவந்தது. கையுடைந்து கிடக்கிற பெண் மேலேயே பழியைப் போட்டுவிட்டு, அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறான் அந்த மனுஷன். எனக்கு அவன் மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு வெண்டல் வந்தான். கையில் ஒரு வாளி. நிறைய கறுப்புத் திருகாணி, கூடவே பிளக்குகள். அதை லிண்ட்ஹோமின் மேஜை மேல் வைத்தான்.

"மிச்சம் இருந்தது. உங்களோடதுதான். ஆய்வாளர் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாளைக்கு வர்றாங்க."

அவன் அக்காவைப் பார்க்கவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை.

ஆய்வாளர் வந்து வரிசையாகப் பார்த்தார். எல்லா வீடுகளிலும் அலமாரிகளைக் கழற்றிச் சரியாக மாட்டும்வரை அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். நிர்வாகம் அன்றைக்கே வெண்டலை வேலையிலிருந்து தூக்கியது. கதவுக்குக் கதவு ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: ஒரு தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த தவறாம், அவர் இப்போது பணியில் இல்லையாம். வாளி வாங்கிக் கொடுத்தவனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கொரின் அந்தக் காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய் லிண்ட்ஹோமின் கார் கண்ணாடியில் துடைப்பானுக்கு அடியில் செருகிவிட்டு வந்தாள். மேலே பெரிய எழுத்தில், ‘வாளி யாருடையது?’ என்று எழுதியிருந்தாள்.

ஜனெல் மாவுக்கட்டோடு வீடு திரும்பினாள். நிர்வாகம் ஏற்பாடு செய்த ஆட்கள் அவள் வீட்டுக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஒற்றைக் கையோடு, தரையில் பரப்பிய பாத்திரங்களுக்கு நடுவே, பிள்ளைக்கு மக்கரோனி கிண்டிக்கொண்டிருந்தாள். தானே வந்து மாட்டித் தருவதாக வெண்டல் கொரின் மூலம் சொல்லியனுப்பினான்.

"வேண்டாம்னு சொல்லிடு," என்றாள் கொரின். "நானா இருந்தா வாசப்படி ஏற விடமாட்டேன்."

ஜனெல் கிண்டுவதை நிறுத்தினாள். "வரட்டும். ஆனா நான் இங்கயே உக்காந்து பார்ப்பேன். ஒவ்வொரு ஸ்க்ரூவும் எங்க போகுதுன்னு எனக்குச் சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை வெண்டல் வந்தான். காந்தத்தை வைத்துச் சட்டங்களைத் தேடி, அலமாரி மறைத்துவிடும் இடத்தில் மெல்லிய ஆணியைக் குத்தி, மரம் தட்டுகிறதா என்று பார்த்தான். சட்டத்தின் இரண்டு ஓரத்தையும் கண்டுபிடித்து நடுவில் கோடு போட்டான். பிய்ந்துபோன பலகையை வெட்டி எடுத்து, சட்டத்துக்குச் சட்டம் குறுக்குக் கட்டை வைத்துத் திருகி, மேலே புதுப் பலகை போட்டான். ரசமட்டம் வைத்துக் கோடு கிழித்து, அலமாரியின் அடிப்பாகம் வருகிற இடத்தில் தற்காலிகமாக ஒரு மரத்துண்டை இறுக்கினான்.

அலமாரியைத் தூக்கி அந்த மரத்துண்டின் மேல் உட்கார வைக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. கொரின் வந்து மறுபக்கம் பிடித்தாள்.

"இது சட்டத்துல ஏறிச்சா?" என்று கேட்டாள் ஜனெல்.

"ஏறிச்சு."

"எப்படித் தெரியும்?"

"டிரில் திணறுது பாருங்க. காத்துல போனா சர்ருனு போயிடும்."

"அடுத்தது?"

"அது குறுக்குக் கட்டையில."

இப்படி ஒவ்வொன்றாக, மேலேயும் கீழேயும். பக்கத்து அலமாரியையும் கழற்றி இப்படியே மாட்டி, இரண்டையும் பக்கவாட்டில் ஒன்றோடு ஒன்று சேர்த்துத் திருகினான். கடைசியில் கீழே இருந்த மரத்துண்டைக் கழற்றிவிட்டு, அலமாரியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக் காட்டினான். முனகல்கூட இல்லை.

"முடிஞ்சுது," என்றான்.

"முடியல," என்றாள் ஜனெல். "நீ இப்போ அதுக்குக் கீழ உக்காரு."

வெண்டல் புரியாமல் பார்த்தான்.

"உக்காரு வெண்டல். என் கை எங்க இருந்துச்சோ, அங்க."

அவன் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில், அலமாரிக்கு நேர் கீழே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். ஜனெல் எழுந்து, நல்ல கையால் ஒரு தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். இன்னொன்று. கொரின் உதவிக்குப் போனாள். ஜனெல் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பக்கத்து வீடுகளிலிருந்து நாங்கள் கொடுத்திருந்த தட்டுகள், கிண்ணங்கள், எங்களிடம் கடன் வாங்கிய இரும்புச் சட்டி எல்லாம் ஒவ்வொன்றாக ஏறின. அவள் அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு தட்டு வைக்கிற சத்தத்துக்கும் வெண்டலின் தோள் உள்ளே ஒடுங்கியது. அவனே மாட்டியது, அவனே தொங்கிப் பார்த்தது, ஆனாலும் ஒடுங்கியது. பாதியிலேயே அவன் கண் கலங்கிவிட்டது. யாரும் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை.

எல்லாம் வைத்து முடிந்ததும் ஜனெல் கதவைச் சாத்தினாள். "இப்போ எழுந்திரு," என்றாள். பிறகு, "காபி இருக்கு," என்றாள்.

ஆய்வாளர் மறுபடி வந்து அந்த அலமாரியை இழுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மற்ற வீடுகளுக்கும் ஆட்கள் வந்து சட்டத்தைத் தேடி மாட்டினார்கள். அதற்கு மூன்று வாரம் ஆனது, அதுவரைக்கும் டீக் தாத்தா சோபாவில்தான் தூங்கினார். ஜனெலின் மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. இன்னும் ஜாடி மூடியைத் திறக்கக் கொரினைக் கூப்பிடுகிறாள். லிண்ட்ஹோமை நிர்வாகம் ஒன்றும் செய்யவில்லை. ஃபின்ட்லே பக்கம் இதைவிடப் பெரிய குடியிருப்புக்கு மேலாளராக அனுப்பினார்கள். அங்கேயும் சமையலறைகள் மாற்றப் போகிறார்களாம். கேள்விப்பட்ட அன்றே கொரின் அந்த ஊர்க் கட்டட அலுவலகத்துக்குப் போன் பண்ணினாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் குரல் ஏறவே இல்லை.

வெண்டலுக்கு ஒரு ஜன்னல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஈஸ்டருக்கு அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கொரின் பன்றித் தொடை இறைச்சி பரிமாறினாள், உருளைக்கிழங்கு பரிமாறினாள், அவன் கேட்பதற்கு முன்பே சாஸை நகர்த்தி வைத்தாள். மன்னித்துவிட்டாயா என்று பிறகு நான் கேட்டேன்.

"அவன் என் தம்பி, சாப்பாடு போடுவேன்," என்றாள். "மன்னிக்கிறதெல்லாம் ஜனெல் வேலை. அவளைப் போய்க் கேளு."