ராகியைவிடச் சின்ன நத்தை

எனக்கு எண்பத்துநாலு வயது. ஏழு பெற்றேன். இரண்டை மண்ணுக்குக் கொடுத்தேன், ஐந்தை வளர்த்து ஆளாக்கினேன். எவர் வாசலிலும் போய் நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு சொல்லப்போவதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

எழுத்து எனக்கு அரைகுறை, கூட்டிக் கூட்டித்தான் வரும். ஆனால் கண் அப்படியில்லை. உத்தனப்பள்ளியில் என் பிறந்த வீட்டில் ராகிதான் சாப்பாடு. ராகியில் கலந்துவரும் கல்லும் ராகி நிறமாகத்தான் இருக்கும், ராகி அளவுதான் இருக்கும். நான் முறத்தில் பார்த்துக் கொடுத்த ராகியில் களி கிண்டினால் ஒருத்தர் பல்லிலும் மணல் கடிபடாது. மத்திகிரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அந்தப் பேர் என்னோடு வந்தது.

என் வீட்டுக்காரர் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் பால் கறந்தார். பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்குக் கல்லூரியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் குடிவந்தார். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது இருக்கும் என்று நினைக்கிறேன். பெண்சாதி இல்லை. குளிர்ச்சியான ஊர் என்று வந்தவர். அவருக்குச் சமைத்துப் போட, வீடு கூட்ட நான் போனேன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், அவரிடம் தமிழ் என்று என் நாள் போனது.

அவரிடம் வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள் இருந்தன. உள்ளே சேறு. கப்பலில் போன சிநேகிதர் ஒருவர், வெயிலே எட்டாத ஆழ்கடலின் அடியிலிருந்து வாரிக் கொடுத்ததாம். அதை அலசி, காயவைத்து, கறுப்புத் தட்டில் பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் மணலையும் சங்கையும் பிரிப்பார். அவர் கண்ணில் படலம் விழுந்திருந்தது. நான் ராகி பார்ப்பதை ஒருநாள் நின்று கவனித்தவர், தட்டை என் பக்கம் தள்ளினார்.

"இதுல சங்கு இருக்கா, பாரும்மா."

அன்றிலிருந்து அதுவும் என் வேலை ஆனது. என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "கடலையே பாக்காதவ கடல்ல கல்லு பொறுக்கறா! ஏன்டி, அந்தச் சங்க வெச்சிக் கொழம்பு வெப்பாரா ஒங்க ஐயா?"

"வெச்சா ஒனக்கு ஊத்த மாட்டன், போய்யா."

ஒருநாள் ஒன்று அகப்பட்டது. ராகியைவிடச் சின்னது. பம்பரம் மாதிரி நீண்டு, மேலெல்லாம் கறுப்புப் பிடித்திருந்தது. ஐயா பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இந்த நத்தையை உலகத்துல இதுவரைக்கும் யாருமே எழுதினதில்லைம்மா."

எழுதுவதென்றால் என்ன என்றும் சொன்னார். எத்தனை சுற்று, வாய் எப்படி, மேலே எத்தனை கோடு என்று வேறொருவன் படித்தாலும் அடையாளம் தெரிகிறமாதிரி எழுதிப் பேர் வைக்க வேண்டும்.

"ஒன்னுதானே இருக்குது, அது போதுங்களா ஐயா?"

"போதும். ஆனா அந்த ஒன்னு பத்திரமா இருந்தாகணும். நாளைக்கு ஒருத்தன் வந்து காட்டுன்னு கேட்டா காட்டணும். காட்ட முடியலைன்னா நான் எழுதினது செல்லாது."

முப்பது வருஷம் பிறத்தியார் எழுதினதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். தான் எழுத என்று கிடைத்தது இது ஒன்று. கண் போவதற்குள் முடிக்க வேண்டும். படம் வரைந்தார். கோடுகள் மட்டும் பாக்கி. "இந்தக் கறுப்பு மட்டும் இல்லைன்னா எண்ணிடுவேன்" என்று தினமும் சொல்லுவார்.

ஒருநாள் கண் வைத்தியரைப் பார்க்கப் பெங்களூர் பஸ் ஏறினார். நான் தனியாக இருந்தேன். பித்தளைக் குடம் கறுத்தால் புளி, கொலுசு கறுத்தால் புளி. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐயா வரும்போது பளிச்சென்று காட்டலாம் என்று கிண்ணத்தில் புளி கரைத்து அந்தச் சங்கைப் போட்டேன். பொடிப்பொடியாகக் குமிழ் வந்தது. அழுக்கு விடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். போய்க் களி கிண்டினேன்.

திரும்பி வந்தபோது வெங்காயச் சருகில் கிள்ளினமாதிரி ஒரு தோல்தான் மிதந்தது. தூரிகையால் தொட்டேன். மயிரில் ஒட்டியது, பிறகு அதுவும் இல்லை. தண்ணீரை முந்தானையில் வடிகட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சங்கும் சுண்ணாம்புதான். தரையில் வெள்ளையடித்த சுண்ணாம்பு சிந்தினால் புளியைப் போட்டுத்தான் தேய்ப்பேன். அது அன்றைக்கு எனக்கு எட்டவில்லை.

சாயங்காலம் ஐயா வந்து, அந்தச் சங்கைப் பஞ்சில் வைத்திருந்த குப்பியைத் திறந்தார். உள்ளே பஞ்சு மட்டும்.

"இதுல இருந்தது எங்கம்மா?"

"தெரியலீங்க ஐயா."

அவ்வளவுதான் சொன்னேன்.

வீட்டில் துடைப்பம் போடக்கூடாது என்றார். தரைத் தூசியை எல்லாம் வழித்துத் தட்டில் கொட்டினார். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை. எறும்புக் கால், ராகி உமி, அவருடைய நரைமுடி என்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன். இல்லாத பொருளைக் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடுகிறமாதிரி உட்கார்ந்திருந்தேன். "உனக்குக் கண்ணு வலிக்கும், போதும்மா" என்று அவர் சொல்லும்போது வாய் வரைக்கும் வரும். விழுங்கிவிடுவேன். என்னை ஒருத்தர் குறை சொல்லிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

மீதிச் சேற்றையும் பார்த்தோம். அந்த இனத்தில் இன்னொன்று அகப்படவில்லை. ஒருநாள் அவர் தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"நீ பாத்து இல்லைன்னா இல்லைதாம்மா."

அதற்குப் பதில் அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அந்த வருஷ வெயில் காலத்திலேயே அவருக்குப் பார்வை சுத்தமாகப் போயிற்று. தம்பி ஒருவர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கோடு போடாத அந்தப் படம் மேசைமேலேயே கிடந்தது. இனி அதை எடுத்துப்போய் அவர் என்ன செய்ய? நான்தான் அடுப்பில் போட்டேன்.

வேறு யாராவது அந்த நத்தையை எழுதினார்களோ என்னவோ. எழுதியிருந்தாலும் அந்தப் பெருமை அவருக்குச் சேராது. மன்னிப்புக் கேட்க நினைத்தால் ஆள் இல்லை. என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, அவரும் போய்ச் சேர்ந்தார். பெற்ற பிள்ளைகள் ஐந்துக்கும் தெரியாது. அறுபது வருஷமாக இறக்கி வைக்க இடமில்லாமல் கிடந்ததை இந்தத் தாளில் வைத்தேன். வைத்தும் கனம் குறையவில்லை.

என் பேத்தி பக்கத்தில் இருக்கிறாள். அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன். இந்தா கண்ணு, மொதல்லருந்து படி. ஐயா கேட்டதுக்கு நான் என்ன சொன்னங்கற எடம் வரும். பாட்டியாச்சேன்னு அத வுட்டுட்டுப் போவாத. சத்தமாப் படி, நான் கேக்கணும்.