கயல்விழி அழித்த வெளிச்சங்கள்

கோவை கணபதியில் நாங்கள் வேலை செய்யும் பம்ப் பட்டறையில், அளவு சரிபார்க்கும் கயல்விழி என்றால் லேத்துக்காரனான எனக்குக் கொஞ்சம் உதறல்தான். நான் கடைந்து தரும் ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்ப்பார். முடியளவு கூடினாலும் சிவப்புப் பெயின்ட் பூசி ஓரமாகத் தள்ளிவிடுவார். கெஞ்சினால், அளவு தப்பிப்போச்சுங்ணா என்பதோடு சரி.

அந்த மகராசிக்குச் செயற்கைக்கோள் பைத்தியம் வேறு. காரமடை வீட்டு மொட்டைமாடியில் சின்னத் தொலைநோக்கியில் கேமராவை மாட்டி வைத்திருக்கிறார். பொழுது இறங்கி நமக்கு இருட்டினாலும் கொஞ்ச நேரம் உயரத்தில் வெயில் இருக்குமாம். அப்போது போகும் இன்டர்நெட் செயற்கைக்கோள்களைப் படம் பிடித்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, எது எவ்வளவு பிரகாசம் என்று குறிப்பார். வானத்தைக் கெடுக்காதீர்கள், மங்கலாக்குங்கள் என்று கம்பெனிகளிடம் கேட்க அந்தக் கணக்குத்தான் ஆதாரம்.

இப்படிக் குறிக்கும் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து தயாரித்த அறிக்கையில் அவர் பெயரும் வருவதாக இருந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். அதற்காகப் பதினோரு மாதம் மாலையில் ஒரு கல்யாணம் காட்சிக்குக்கூடப் போகவில்லை.

அறிக்கை வெளியாகும் முந்தின வாரம், அதைத் தொகுக்கும் கிருபாசங்கர் போனில் பாராட்டினார். மற்றவர்கள் கணக்கில் சில செயற்கைக்கோள்கள் திடீரென்று பளிச்சிடுகின்றன, உங்களுடையதில் ஒன்றுகூட இல்லை, அவ்வளவு சுத்தம் என்றாராம். கயல்விழிக்கு அப்போதுதான் உறைத்தது. பளிச்சிட்டவை இவர் மாடிக்கு மேலேயும் போனவைதான். மற்ற அளவுகளோடு ஒத்துவராததால், பட்டறைப் பழக்கத்தில், கோளாறு என்று படத்தோடு அழித்துவிட்டிருந்தார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னார். யாருக்கும் தெரியாதே, விட்டுவிடுங்கள் என்றேன். அவர் பெயரை அதில் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

"அப்படி உட்டா, எல்லாம் மங்கலாத்தான் போகுதுன்னு நானே கம்பெனிக்காரங்களுக்குச் சாட்சி சொன்னாப்ல ஆயிருமுங்ணா."

கை கழுவி வந்து கிருபாசங்கரைக் கூப்பிட்டார். தான் அனுப்பிய நானூற்றுப் பன்னிரண்டு அளவுகளையும் எடுத்துவிடச் சொன்னார். பாதியையாவது வைத்துக்கொள்ளலாமே என்று அவர் கேட்டார் போலிருக்கிறது. எத்தனை அழித்தேன் என்று எனக்கே தெரியாதுங்க சார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் கயல்விழி. பிறகு அழுதார்.

அறிக்கை அவர் பெயர் இல்லாமல்தான் வந்தது. அதை வரிவிடாமல் படித்தார். அன்று மாலை வேலை முடிந்ததும் முதல் ஆளாக பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் காலையில், நேற்று எத்தனை செயற்கைக்கோள் ஆச்சு என்று கேட்டேன்.

"ஒம்பதுங்ணா. அதுல ஒண்ணு கண்ணைக் கூசுது. அதையும் எழுதிப்போட்டேன்" என்றபடி என் ஷாஃப்ட்டைக் கையில் எடுத்தார்.