எட்டுச் செலவுக்கு வந்த ஆந்தைப் பூச்சி

துசியந்தி கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்து முப்பத்திரண்டு வருடம். அத்தனை வருடமும் ஹரோவில், பக்கத்து வீட்டோடு ஒட்டிய ஒரே செமி வீட்டில், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காலம் தள்ளினாள். வீட்டில் ஹீட்டிங் இல்லையென்று இல்லை. ஹீட்டிங் அவள் கணவர் பாலேந்திராவின் இலாகா. மார்கழி பிறக்கும் முன் அதில் கை வைத்தால் ஏதோ கோயில் உண்டியலை உடைத்தவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

ஹீட்டிங் மட்டுமா? எந்தக் கடையில் மீன், எந்தக் கலியாணத்துக்கு எந்தச் சேலை, எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது, எல்லாம் அவருடைய இலாகாதான். கெட்ட மனிதர் என்று வாய்கூசாமல் சொல்ல முடியாது. கை நீட்டியதில்லை. சனிக்கிழமை இரண்டு கிளாஸ் விஸ்கி, அதோடு சரி. ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் 'வேண்டாம்' என்பார். காரணத்தை ஆறுதலாகப் பிறகு யோசிப்பார். துசியந்தி பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். அங்கே அவள் குரலுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். வீட்டுக்கு வந்தால் அந்தக் குரலைக் கோட்டோடு சேர்த்துக் கொளுவியில் மாட்டிவிடுவாள்.

ஐப்பசியில் ஒருநாள் பாலேந்திரா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். செத்தவீடு நடந்தது, எட்டுச் செலவு வந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து அவர் படத்துக்கு முன்னால் படைத்து, அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருக்கிற நாள் அது. ஆட்டிறைச்சி, நண்டு, முட்டைப்பொரியல், நடுவில் ஒரு கிளாஸ் விஸ்கி. வருகிற சனத்துக்குக் கொடுக்க மகன் தர்சிகன் ஒரு பெட்டி வாழைப்பழம் வாங்கி வந்து அதே அறையின் மூலையில் வைத்திருந்தான். கொஸ்தாரிக்கா நாட்டிலிருந்து வந்த பழம். அந்தப் பெட்டியை அன்றைக்கு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்தபோது விஸ்கிக் கிளாஸின் விளிம்பில் ஒரு பூச்சி இருந்தது. சாதாரணப் பூச்சியா அது! விரித்த கையளவு, மண்ணிறம், சிறகில் வட்டமாக ஒரு பெரிய கண், கண்ணைச் சுற்றித் தடித்த கறுப்பு விளிம்பு. சுவரில் மாலையோடு தொங்கிய பாலேந்திராவும் அதே மாதிரித் தடித்த கறுப்பு விளிம்புக் கண்ணாடிதான் போட்டிருந்தார். பூச்சி உறிஞ்சியை நீட்டி விஸ்கியைத் தொட்டது.

"ஐயோ, என்ர தம்பி!" என்று பாலாம்பிகை குழறினாள். பாலேந்திராவின் ஒரே அக்கா, வட லண்டன் எட்மண்டனில் இருப்பவள். "பாருங்கோ, நண்டை விட்டிட்டு நேரை கிளாஸுக்குப் போயிட்டான். அவனேதான்!"

சனம் கைகூப்பியது. செத்தவர் பூச்சியாய் வந்து எட்டிப் பார்ப்பது நம்மவர்களுக்குப் புதிதில்லை. வருகிறவை ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போய்விடும். இது போகவில்லை. வெளியே குளிர், உள்ளே விஸ்கி. எதற்குப் போகும்?

அடுத்த நாள் பாலாம்பிகை பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினாள். "நீர் வேலைக்குப் போனால் தம்பியை ஆர் பாக்கிறது?" என்று துசியந்தியைக் கேட்டாள். இந்த வகைப் பூச்சிக்குச் சூடு வேண்டும் என்று தர்சிகன் போனில் பார்த்துச் சொன்னான். ஹீட்டிங் இருபத்தாறுக்கு ஏறியது. முப்பத்திரண்டு வருடத்தில் முதல்தடவையாக துசியந்தி கார்த்திகை மாதத்தில் பருத்திச் சட்டையோடு வீட்டுக்குள் நடமாடினாள். அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

"மச்சாள், இது அவரில்லை. அவரெண்டால் இந்தச் சூட்டுக்கு இதுக்குள்ளை எழும்பிப் போய் ஓஃப் பண்ணியிருப்பார்."

"செத்தாப் பிறகு ஆக்கள் திருந்துவினம்," என்றாள் பாலாம்பிகை.

ஊரெல்லாம் கேள்விப்பட்டுச் சனம் வரத் தொடங்கியது. பாலேந்திரா தலைவராக இருந்த பழைய மாணவர் சங்கத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அவர் இருக்கிறபடியால் கூட்டத்தை அங்கேயே நடத்தலாம் என்று தீர்மானித்து, வந்தோர் பெயரில் பாலேந்திராவையும் எழுதிக்கொண்டார்கள். பூச்சியிடம் கேள்வி கேட்கும் முறையையும் பாலாம்பிகைதான் வகுத்தாள். சிறகை விரித்தால் சம்மதம், மூடினால் வேண்டாம். செயலாளரை மாற்றலாமா? மூடியது. மண்டபத்தை மாற்றலாமா? மூடியது. ஆண்டுவிழாவுக்குப் பிரியாணியா? அதற்கும் மூடியது. உட்கார்ந்தால் சிறகை மூடிக்கொண்டே இருப்பதுதான் அந்தச் சாதிப் பூச்சியின் இயல்பு என்று அங்கே யாருக்குத் தெரியும்? எதைக் கேட்டாலும் வேண்டாம் என்கிறது, அப்படியென்றால் பாலேந்திராதான் என்று சனம் முடிவு கட்டிவிட்டது.

இதுவரை நடந்ததையெல்லாம் துசியந்தி வேடிக்கையாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் பிளாட் விஷயம் வந்தது.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம். நான்காம் மாடியில் ஒரு அறை, ஒரு சின்னப் பால்கனி, கீழே மெட்ரோபொலிட்டன் லைன் ரயில். வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து அதை எத்தனையோ வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அந்தப் பால்கனியில் ஒரு கதிரை போட்டு, ஒருவரையும் கேட்காமல் ஒரு தேத்தண்ணி குடிக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். இப்போது அது விலைக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்காவிட்டால் வேறு ஒரு சோடிக்குப் போய்விடும். வீட்டை விற்கத் தர்சிகனுக்கும் சம்மதம். எல்லோருக்கும் எப்போதும் சம்மதம் சொல்கிற பிள்ளை அவன்.

"தம்பியை ஒரு சொல்லுக் கேக்க வேண்டாமோ?" என்று பாலாம்பிகை பூச்சி இருந்த திரைச்சீலைக் கம்பியை அண்ணாந்து பார்த்தாள். "தம்பி, இவ வீட்டை வித்துப்போட்டு பிளாட்டுக்குப் போகப் போறாவாம். உனக்குச் சம்மதமோ?"

பூச்சி மூடிய சிறகை மூடியபடியே வைத்திருந்தது.

"பாத்தீரோ? அவன் இருக்கேக்கை அவன்ர வீட்டை எப்பிடி விக்கிறது?"

துசியந்திக்கு வந்த ஆத்திரத்துக்கு அகப்பையால் ஒன்று போட்டிருப்பாள். ஆனால் முப்பத்திரண்டு வருடப் பழக்கம் விடவில்லை. சமையலறைக்குள் போய் மகனுக்குப் போன் அடித்தாள்.

"அது என்ன பூச்சி எண்டு எனக்கு இந்தக் கிழமைக்குள்ளை தெரியோணும். பேர், ஊர், ஆணோ பெண்ணோ, எல்லாம்."

தர்சிகன் பூச்சியின் படத்தை இணையத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சிக் குழுவில் போட்டான். பத்து நிமிடத்தில் அங்கே போர் மூண்டது. லீட்ஸில் ஒருவர் இது மெம்னொன் என்ற இனம் என்றார். ஜெர்மனியில் ஒருவர் இல்லை, தெலமோனியஸ் என்றார். மூன்றாவது ஒருவர் வந்து, இரண்டும் ஒன்றுதான், இரண்டு பேருக்கும் விளங்கவில்லை என்றார். அதன்பிறகு மூவரும் ஒருவரையொருவர் பேசிய பேச்சைத் தர்சிகன் மொழிபெயர்த்துச் சொல்ல, துசியந்தி வாயில் கைவைத்தாள். காணி பிரிக்கிற அண்ணன் தம்பிமார்கூட இப்படி அடிபட மாட்டார்கள். அந்தச் சண்டைக்கு நடுவே ஒருத்தி மட்டும், 'நீங்கள் எந்த இடம்? நான் நேரில் வந்து பார்க்கலாமா?' என்று கேட்டிருந்தாள்.

அவள் பெயர் ஜெனோஜா. மன்னார்க் குடும்பம், வீடு நோர்பரியில். தென்னமெரிக்க வண்ணத்துப்பூச்சிகளில் டாக்டர் பட்டம் எடுத்தவள். டாக்டர் என்றால் மருந்து எழுதித் தருகிற டாக்டர் இல்லையா என்று அவளுடைய தாய் இன்னும் பூசைக்குப் பூசை மாதாவிடம் முறையிட்டுக்கொண்டிருக்கிறாளாம். வியாழக்கிழமை பின்னேரம் பூதக்கண்ணாடியும் டோர்ச்சுமாக வந்தாள். வந்ததும் வீட்டுக்கு வாழைப்பழப் பெட்டி ஏதும் வந்ததா என்று கேட்டு, கைபிடித் துவாரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த இலைபோன்ற ஒரு கூட்டை எடுத்துக் காட்டினாள்.

"இதுக்குள்ளையிருந்துதான் வந்திருக்கு, அன்ரி. வாழையிலை வளர்ற பூச்சி. கலிகோ எண்டு சொல்லுறது. ஆந்தை வண்ணத்துப்பூச்சி."

"ஆந்தையோ!" பாலாம்பிகை நெஞ்சில் கைவைத்தாள். "என்ர தம்பியைப் போய் ஆந்தையெண்டு சொல்லுறீரே பிள்ளை?"

"கலிகோவிலை எது?" என்று துசியந்தி அவசரப்பட்டாள்.

"அதுதான் கஷ்டம், அன்ரி. இந்தக் குடும்பத்திலை கனபேர் ஒரே மாதிரி இருப்பினம். வயித்து நுனியை மைக்ரொஸ்கோப்பிலை வைச்சுப் பாத்தால்தான் நிச்சயமாச் சொல்லலாம். அதுக்கு அது சாகோணும்."

"ரெண்டாந்தரமுமோ!" என்றாள் பாலாம்பிகை.

ஜெனோஜா கதிரையில் ஏறி, இரண்டு விரலால் பூச்சியின் சிறகைச் சேர்த்துப் பிடித்து இறக்கினாள். பாலாம்பிகை பக்கத்தில் நின்று பதறினாள். "மெல்ல, மெல்ல! அவனுக்கு முதுகு வருத்தம் இருந்தது." ஜெனோஜா சிறகை மெதுவாக விரித்து மேற்பக்கத்துக்கு டோர்ச் அடித்தாள். அங்கே நீலம் ஓடியிருந்தது. துசியந்தி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகனின் பரீட்சை முடிவுக்குக்கூட அவள் இப்படி நின்றதில்லை.

"ஆணெண்டால் பின்சிறகிலை ஒரு மயிர்த்திட்டு இருக்கும். இதிலை இல்லை. வயிறும் மொத்தம். இது பொம்பிளை, அன்ரி." அவள் சொல்லி வாய் மூடவில்லை, பூச்சி அவளுடைய சட்டைக் கையில் கடுகளவில் வெள்ளையாய் ஒரு முட்டையை இட்டது.

பாலேந்திராவைப் பற்றி யார் என்ன சொன்னாலும், முட்டை இட்டார் என்று சொல்ல முடியாது. துசியந்திக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. நாளைக்குக் கையெழுத்து, அடுத்த மாதம் பால்கனி.

பாலாம்பிகை முட்டையைப் பார்த்தாள், பூச்சியைப் பார்த்தாள், பிறகு முகமெல்லாம் மலர்ந்தது. "அப்ப இது எங்கட அம்மா!"

மாமியார் அந்த வீட்டின் மேலறையில் பதினொரு வருடம் இருந்து கண்மூடியவள். பாலேந்திரா 'வேண்டாம்' என்று சொல்லப் படித்ததே அவளிடம்தான். இது இனி ஓயாது என்று துசியந்திக்கு விளங்கியது. ஆண் என்றால் அவர், பெண் என்றால் அவருடைய தாய், நாளைக்கு ஒரு பூனை வந்தால் அவருடைய பெரியப்பா. எது பறந்து வந்தாலும் ஊர்ந்து வந்தாலும் அது அவருடைய பக்கத்து ஆளாகத்தான் இருக்கும்.

"இல்லை மச்சாள்," என்றாள். "இது என்ர அம்மா."

"உம்மட அம்மாவுக்கு இஞ்சை என்ன வேலை?"

"ஏன் வரக்கூடாது? இது என்ர வீடும்தானே."

"அத்தாட்சி?"

துசியந்தி ஒரு பொய்க்காகத்தான் வாயைத் திறந்தாள். வந்தது உண்மை. "அம்மாவுக்குக் கள்ளு விருப்பம். ஞாயிற்றுக்கிழமையிலை வீட்டுக்குப் பின்னாலை கோடிக்குள்ளை நிண்டு ஒரு செம்பு குடிப்பா. பள்ளிக்கூட ரீச்சர் எண்டபடியால் ஒருத்தருக்கும் தெரியாமல்தான். உங்கட ஆக்கள் குறைவா நினைப்பினம் எண்டு நான் ஒருநாளும் வாயே திறக்கேல்லை. அவ சண்டைக்குள்ளை வன்னியிலை எந்த இடத்திலை, எந்த நாள் செத்தவ எண்டு எனக்குத் தெரியாது மச்சாள். திகதி தெரியாமல் என்ன எட்டுச் செலவு செய்யிறது எண்டு இவர் சொன்னார். நானும் பேசாமல் இருந்திட்டன். ஒரு கிளாஸ்கூட அவவுக்கு நான் வைக்கேல்லை."

பொய்யாகத் தொடங்கியதை இப்போது அவளே நம்பினாள். பூச்சியைப் பார்க்கப் பார்க்க அம்மா மாதிரியே இருந்தது.

பாலாம்பிகை நிலத்தைப் பார்த்தாள். பிறகு, "எங்கட அம்மாவும்தான்," என்றாள் மெல்ல.

"என்ன, எங்கட அம்மாவும்தான்?"

"கள்ளு. கோடிக்குள்ளைதான். உம்மட ஆக்கள் குறைவா நினைப்பினம் எண்டு நாங்களும் சொல்லேல்லை."

ஜெனோஜா பூச்சியைத் திரும்பத் திரைச்சீலையில் விட்டாள். "இப்பிடி எண்டால் குணத்தை வைச்சுப் பிரிக்க ஏலாது, அன்ரி," என்றாள். "எங்களுக்கும் மெம்னொனிலை இதே பிரச்சினைதான்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. துசியந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் விழுந்தாள். பாலாம்பிகை மூக்கைச் சிந்திச் சிந்திச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் அவளே மேசையிலிருந்த பிளாட் பத்திரத்தை எடுத்து நீட்டினாள். "சைன் வையும். எந்த அம்மாவெண்டாலும் ஒண்டும் சொல்லமாட்டா."

துசியந்தி பேனை எடுத்துக் கையெழுத்து வைத்தாள்.

"ஒரு அறைதானே?" என்றாள் பாலாம்பிகை. "பரவாயில்லை, நான் ஹோலிலை படுப்பன். நீர் தனிய என்னெண்டு இருக்கிறது?"

துசியந்தி பேனையை மூடினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசைக்கு வைக்கிற அந்தக் குரல் முதல்தடவையாக அந்த வீட்டில் கேட்டது. "ஏலாது மச்சாள். வாங்கோ, சாப்பிடுங்கோ, பின்னேரம் வரைக்கும் இருங்கோ. படுக்க உங்கட வீட்டை போங்கோ."

பாலாம்பிகை அறையைச் சுற்றிப் பார்த்தாள். "அப்ப பூச்சியை நான் கொண்டு போகட்டோ?" என்றாள், கடையில் கடைசிச் சாமானைக் கேட்பவள்போல.

"கொண்டு போங்கோ."

கறிச் சட்டி மூடுகிற வலைக் கூடைக்குள் பாலாம்பிகை பூச்சியையும் இரண்டு கனிந்த பழத்தையும் வைத்து, ஜெனோஜா முட்டையை ஒரு குப்பிக்குள் எடுத்துக்கொண்டு, இருவரும் வாசலுக்கு இறங்கினார்கள். தர்சிகன் காரை எடுத்து வந்தான். கூடைக்குள் அந்தத் தடித்த கறுப்பு விளிம்புக் கண் துசியந்தியைப் பார்த்தபடி போனது. தாய் என்றார்கள், மாமி என்றார்கள், மெம்னொன் என்றார்கள். முட்டை இட்ட நேரத்திலிருந்து அது பாலேந்திரா என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் வரவேயில்லை. அவர் ஐப்பசியில் செத்துவிட்டார். இனி ஒருவரும் அவளிடம் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை என்று நினைத்ததும், துசியந்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பாலாம்பிகை கார்க் கண்ணாடியை இறக்கி, கூடையை மடியில் அணைத்துக்கொண்டு சொன்னாள்: "அழாதையும் துசியந்தி. நான் நல்லாப் பாப்பன்."