மெயினை ஓஃப் பண்ணியாச்சா?

எங்கள் வீட்டுக் கூரையில் சோலர் தட்டுகள் ஏறிய நாளில் இருந்து நான் தலைகால் தெரியாமல்தான் ஆடினேன். இனி ஊரே இருண்டாலும் எங்கள் வீட்டில் லைட் எரியும் என்று கலகெதரச் சந்தி முதல் எங்கள் மேட்டு வீதி முடியும் வரை ஒருவர் விடாமல் சொல்லியாகிவிட்டது. அந்த வாய்தான் ஒரு மனிதனின் உயிரோடு விளையாடப் பார்த்தது. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பும் வருகிறது. சிரிக்க முடிவது ஆள் நலமாக இருப்பதால்தான், அல்ஹம்துலில்லாஹ்.

முதலில் வயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய காலத்தில் பிள்ளைகளின் வாப்பா ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கினார். எங்கள் வீதியில் எல்லாரும் செய்தது போலவே இரண்டு நுனியிலும் பிளக் வைத்த ஒரு வயரும் செய்துகொண்டார். ஒரு நுனி ஜெனரேட்டர் மிசினில், மறு நுனி குசினிச் சுவரில் உள்ள சொக்கட்டில். உலகம் சுவரில் இருந்து கரண்ட் எடுக்கும். நாங்கள் சுவருக்குக் கரண்ட் ஊட்டினோம். வீடு முழுக்க வெளிச்சம் வந்துவிடும். இதற்கு ஒரே ஒரு சட்டம்தான். முதலில் மெயின் சுவிட்சை ஓஃப் பண்ண வேண்டும். பண்ணாவிட்டால் நம் மிசினின் கரண்ட் வீட்டுக்குள் நிற்காது, வெளியே போய் வீதிக் கம்பியில் ஏறிவிடும். "மெயினை ஓஃப் பண்ணியாச்சா?" என்று கேட்காமல் அவர் மிசினின் கயிற்றை இழுத்ததே இல்லை. கடையில் இருந்தால், நான் இழுக்கும் முன் போன் எடுத்துக் கேட்பார். பிறகு சோலர் வந்தது. மிசின் கோழிக்கூட்டுப் பக்கம் சாக்கு போர்த்திக்கொண்டு தூங்கியது. கூடவே அந்தச் சட்டமும் தூங்கிவிட்டது.

அப்படியிருக்கும்போது என் நானாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பிஸ்கட் புடிங்கைக் கண்டியில் ஒரு கடைக்கு ஓடர் கொடுக்கலாம் என்று நானாவின் மனைவி, என் மதினி, பேச்செடுத்தார்.

"ஏன் மதினி, நான் இல்லையா?" என்றேன்.

"பட்டர் ஐசிங் உருகிப் போகுமே. கரண்ட் போனா என்ன செய்யிற?"

"ஊருக்குத்தான் போகும். எங்கட வீட்டுக்குப் போகாது."

கல்யாண வீட்டில் பாதிப் பேர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

கல்யாண நாள் காலையில் பன்னிரண்டு தட்டுப் புடிங் என் இரண்டு பிரிட்ஜிலும் இறுகிக்கொண்டிருந்தது. பிள்ளைகளும் அவர்களின் வாப்பாவும் விடிந்ததுமே கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார்கள். நல்ல வெயில். பதினொரு மணி இருக்கும், பிரிட்ஜின் முனகல் நின்றது. மின்விசிறியும் மெதுவாகச் சுற்றி நின்றது.

நான் முற்றத்துக்கு ஓடிக் கூரையைப் பார்த்தேன். தட்டுகள் பளபள என்று வெயில் குடித்துக்கொண்டிருந்தன. சோலர் பூட்டிய தம்பிக்குப் போன் எடுத்துக் கத்தினேன்.

"வெயில் ஈக்குது, தட்டு ஈக்குது, கரண்ட் எங்க?"

"ராத்தா, ஊர் லைன் இல்லாட்டி உங்கட கூரையும் நிக்கும். அது தனியாப் பாடாது, லைன் தாளம் போட்டாத்தான் பாடும். பெட்டரி வைங்கன்னு அப்பவே சொன்னேனே."

பகலில் கூரை சேர்த்து வைத்து இரவில் எங்களுக்கு ஊற்றுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன், தண்ணீர்த் தாங்கி மாதிரி. அப்படி ஒன்றும் இல்லையாம். பகலில் எங்கள் கூரை தருவதில் நாங்கள் எடுத்தது போக மிச்சம் அந்த நொடியே கம்பி வழியாகப் போய் யாருடைய வீட்டிலோ, எந்தக் கடையிலோ செலவாகிவிடும். கரண்டை அப்படியே சேர்த்து வைப்பது லேசில்லை, தண்ணீரைத்தான் வைக்கலாம். இங்கே வெயில் வேலை செய்யும் நேரம் விக்டோரியா அணைப் பக்கம் தண்ணீரைக் கொஞ்சம் மிச்சம் பிடிப்பார்கள். இரவில் அந்தத் தண்ணீர் இறங்கித்தான் நான் டீவி பார்க்கிறேன்.

"சரி, லைன் இல்லாட்டி ஏன் நிக்கோணும்?" என்று கேட்டேன். "லைன்ல ஆள் ஏறி..." என்று அவர் தொடங்கினார். புடிங் உருகிக்கொண்டிருக்கும்போது யாருக்குப் பாடம் வேண்டும்? போனை வெட்டிவிட்டேன்.

கோழிக்கூட்டுக்குப் போய்ச் சாக்கை இழுத்தெறிந்தேன். பெற்றோலில் ஓடும் புல் வெட்டி ஒன்று எங்களிடம் இருந்ததால் பெற்றோலுக்குக் குறைவில்லை. கயிற்றை ஏழு தரம் இழுத்தேன். கோழிகள் கலைந்து ஓடின. எட்டாவதில் மிசின் இருமிக்கொண்டு எழுந்தது. வயரின் ஒரு நுனியை அதில் குத்தி, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனேன். கையில் இருந்த பிளக்கின் பித்தளைக் கால்களில் அப்போதே கரண்ட் ஏறியிருந்தது. அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

அந்த நேரம் கேற்றில் யாரோ தட்டினார்கள். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். இடுப்பில் பெல்ட்டும் தலையில் மஞ்சள் தொப்பியுமாக ஒரு லைன்காரர். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டப் பக்கத்து ஆள் என்று பேச்சில் தெரிந்தது.

"ராத்தா, மேல பலாக் கொப்பு விழுந்து கம்பி அறுந்திருக்குங்க. இந்தா இந்தப் போஸ்ட்லதான் ஏறப் போறேன். மிசின் சத்தம் கேக்குதே, மெயினை ஓஃப் பண்ணியாச்சா?"

பிள்ளைகளின் வாப்பா ஆயிரம் தரம் கேட்ட அதே கேள்வி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இதுகூடத் தெரியாதவளா நான்?

"ஓ, ஓ, பண்ணியாச்சு!" என்று கத்தினேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் சொக்கட்டுப் பக்கம் திரும்பினேன். ஜன்னலுக்கு நேரே அந்தப் போஸ்ட். அவர் ஏணியைச் சாய்த்து ஏறத் தொடங்கியது தெரிந்தது. தேய்ந்த சப்பாத்து ஒவ்வொரு படியாக மேலே போனது. நான் எப்போது ஓஃப் பண்ணினேன்? பண்ணினேனா? கை அப்படியே நின்றுவிட்டது.

வயரை இழுத்துக்கொண்டே கோழிக்கூட்டுக்கு ஓடி மிசினை நிறுத்தினேன். பிறகு முன் விறாந்தைக்கு வந்து மெயின் பெட்டியைத் திறந்தேன். சுவிட்ச் மேலே, ஓனில்தான் நின்றது. அதை யாரும் தொடவே இல்லை. விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். புடிங்கை ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

இஞ்சி தட்டிப் போட்டுப் பாலில்லாத பிளேன்டி ஊற்றி, கித்துள் கருப்பட்டியும் வைத்துக்கொண்டு போஸ்ட்டடிக்குப் போனேன். அவர் வேலையை முடித்து இறங்கிக்கொண்டிருந்தார். கோப்பையை நீட்டும் முன்பே சொல்லிவிட்டேன், நான் சொன்னது பொய், மெயின் ஓனில்தான் இருந்தது, பிளக் என் கையில் இருந்தது என்று.

திட்டுவார் என்று நின்றேன். அவர் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"நீங்க சொன்னதை நான் நம்பலைங்க ராத்தா. மேல போயி கம்பியில கரண்ட் இருக்கான்னு டெஸ்டர் வச்சுப் பாத்தேன். அப்பறம் எர்த் போட்டுட்டுத்தான் கையை வச்சேன். யாரு வீட்டுல இருந்து கரண்ட் வந்தாலும் அது நேரா மண்ணுக்குப் போயிரும். உங்க கூரை நிக்கிதே, அதும் எங்களுக்காகத்தான் நிக்கிது."

அப்போதுதான் அந்தத் தம்பி போனில் முடிக்காமல் விட்ட வசனம் புரிந்தது. காலையில் நான் சபித்த சோலர் பெட்டி, லைன் போன அந்த நொடியே வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது. அதற்கு மதினியும் இல்லை, வீறாப்பும் இல்லை.

"யாரையுமே நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையை மற்றக் கைக்கு மாற்றி, வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நடுவில் இருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி, மினுங்கிக் கிடந்தது.

"ஒரு தடவை நம்புனேன்" என்றார். பிறகு, "இன்னொரு பிளேன்டி கிடைக்குமா ராத்தா?" என்றார்.

கரண்ட் ஒரு மணிக்கு வந்தது. எட்டுத் தட்டு தப்பியது. நாலு தட்டில் ஐசிங் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. "கரண்ட் போகாத வீட்டுப் புடிங், கரண்டியால அள்ளிச் சாப்பிடுங்க" என்று மதினி மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. அதைக் கண்டு பிள்ளைகளின் வாப்பா எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த வயரை மறுநாளே நாலாக வெட்டினேன். இப்போது மெயினையும் மிசினையும் ஒன்றாக ஓன் பண்ணவே முடியாத ஒரு சுவிட்ச், ஆள் வைத்துப் பூட்டியிருக்கிறோம். என் வாயை நம்பி இனி யாரும் போஸ்ட் ஏற வேண்டியதில்லை.

லைன் லொறி எங்கள் வீதியால் போகும்போது அந்த மனிதர் தலையை வெளியே நீட்டிக் கேட்பார்:

"ராத்தா, மெயினை ஓஃப் பண்ணியாச்சா?"

"இறங்கி வந்து பாத்துட்டுப் போங்க!" என்பேன். அவர் இறங்கி வந்து, மெய்யாகவே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பிளேன்டியைக் கையில் எடுப்பார்.