மழை நாளில் மட்டும் விழுந்த சர்வர்

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் நான் கொஞ்சம் பீற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு நானே சாஃப்ட்வேர் எழுதித் தருகிறேன், மெட்ராஸ் கம்பெனியெல்லாம் எதற்கு என்று? எழுதிய மறுநாளே சர்வர் விழுந்தது.

ஒரு முறை என்றால் பரவாயில்லை. நாலு நாளில் ஒன்பது முறை!

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன் – தீப்பெட்டித் தொழிற்சாலையைத்தான் எங்கள் ஊரில் ஆபீஸ் என்போம். மருந்தில் முக்கியெடுத்த குச்சி நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெட்டிக்குள் போகும். எப்போது காயும்? வெயிலைப் பொறுத்தது. இந்தக் கணக்கு எந்த டேட்டாபேஸுக்குத் தெரியும்? அதனால் சி மொழியில் ஒரு ஃபங்ஷன் எழுதி, டேட்டாபேஸ் சர்வருக்குள்ளேயே செருகிவிட்டேன். வெளியே ஓடும் புரோகிராம் தப்பு செய்தால் அது மட்டும் சாகும். உள்ளே உட்கார்ந்திருப்பது தப்பு செய்தால்... வாடகைக்கு வந்தவர் அடுப்பு பற்றவைத்து வீடே எரிந்த கதைதான்.

"தம்பி, சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பவும் படுத்துச்சுன்னா மெட்ராஸ்காரங்கள வரச் சொல்லிருவேன். தப்பா நெனச்சுக்கிடாதீங்க" என்றார் முதலாளி அண்ணாச்சி. மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் சுட்டது.

எந்த வரியில் தப்பு என்று காட்டும் டீபக்கரை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். விழுந்த இடம் என் ஃபங்ஷன்தான், சந்தேகமில்லை. 'வெயில் எத்தனை மணி நேரம்' என்ற எண்ணை எடுக்கிற வரி. ஆனால் சோதனைக்கு நான் தயாரித்த இருநூறு நாள் விவரமும் ஜோராக ஓடியது. பழைய ரிஜிஸ்டரிலிருந்து ஐப்பசி மாதத்தை ஏற்றினால் மட்டும் விழுந்தது. ஐப்பசிக்கும் சி மொழிக்கும் என்ன பகை?

ஆபீசில் ரிஜிஸ்டர் எழுதுபவர் முத்துமாரி. ஐப்பசியில் எந்தெந்தத் தேதியை ஏற்றினால் சர்வர் விழுகிறதோ, அதையெல்லாம் எழுதி அவரிடம் நீட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"சார், இது பூராம் மழ பேஞ்ச நாளுல்லா!"

"அப்போ வெயில் சைபர்னு போட வேண்டியதுதானே?"

"சைபரா? நல்லாருக்கே! தொழில் நடக்குத எடத்துல யாராச்சும் சைபர் எழுதுவாவளா? காலியா விட்டுருவோம் சார்."

காலி! கம்ப்யூட்டருக்குக் காலி என்றால் பூஜ்யம் இல்லை. ஒன்றுமே வரவில்லை என்று அர்த்தம். வந்திருக்கிறதா என்று கேட்காமலே என் ஃபங்ஷன் கையை விட்டிருக்கிறது. சர்வர் குப்புற விழுந்திருக்கிறது. நானும் கரிசல்காட்டில் பிறந்தவன்தானே? சோதனைக்குப் போட்ட இருநூறு நாளும் வெயில். மழை என்று ஒன்று உண்டென்பதே நினைவுக்கு வரவில்லை!

'இனிமேல் சைபர் போடுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். மெட்ராஸ்காரர்கள் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு மனசு வரவில்லை. முத்துமாரி எதற்கு மாற வேண்டும்? ஃபங்ஷன் மாறட்டும். காலியா என்று முதலில் பார், காலியென்றால் அன்று மழை என்று எடுத்துக்கொள் – இரண்டே வரி.

சனிக்கிழமை காலை. அண்ணாச்சி என் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஐப்பசி முழுவதையும் ஓடவிட்டேன். விழவில்லை. முத்துமாரிக்கு அது போதவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முப்பது நாளையும் வேண்டுமென்றே காலியாக ஏற்றித் தட்டிவிட்டார்.

'முப்பது நாளும் மழை, குச்சி காயவில்லை' என்று பதில் வந்தது. சர்வர் அசையவில்லை.

"நிக்குதே!" என்றார் அண்ணாச்சி. "மெட்ராஸ்காரங்க போன் பண்ணுனா, இங்கன நம்ம ஆளுகளே இருக்காவன்னு சொல்லிருதேன்."

வெட்கப்படாமல் சொல்கிறேன், ரொம்பப் பெருமையாக இருந்தது. அவர் 'ஆளுகள்' என்றதில் முத்துமாரியும் உண்டு. அதில் இன்னும் பெருமை.

நேற்று அண்ணாச்சிக்கு வாராந்திர அறிக்கை கொடுத்தேன். 'இந்த வாரம் சர்வர் எத்தனை முறை விழுந்தது?' என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது.

காலியாக விட்டுவிட்டேன்.