ஆரோக்கியராஜ் சாரின் இரண்டு சி.டி. பிளேயர்கள்

ஆரோக்கியராஜ் சார் போய்விட்டார் என்று அவர் மனைவி ஸ்டெல்லாம்மா போனில் சொன்னபோது, நான் விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தேன். எப்போது, எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை. “வண்டில போனாராம்மா?” என்றுதான் முதலில் கேட்டேன்.

“இல்லண்ணே. பாட்டு கேட்டுக்கினு நாற்காலியிலயே சாஞ்சுட்டாரு” என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. சாவுச் செய்தி சொல்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது என்று உங்களுக்குத் தோன்றலாம். சாரோடு ரயில்வேயில் வேலை பார்த்த நீங்களும் திண்டிவனம் சர்ச் பங்கு மக்களும் முப்பதாம் நாள் பூசையில் இதைப் படிப்பீர்கள் என்று அம்மா சொன்னார்கள். அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, சாரின் மருமகள் எழுதுகிறாள்.

சார் கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்த காலத்தில் நான் விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சென்னையிலிருந்து வந்த ரயிலில் இறங்கி, ஒரு பெரிய அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் “மெதுவா, மெதுவா” என்றார். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா பொறுக்க முடியாமல், “பெத்த புள்ளையக்கூட இப்பிடி அணைச்சிக்கினு வரமாட்டாங்க” என்றாள். சார் சிரிக்கவில்லை. “புள்ள விழுந்தா அழும்மா. இது அழாது. உள்ளுக்குள்ளயே கெட்டுப்போவும்” என்றார்.

அது சி.டி. பிளேயர். கறுப்பு நிறம், அம்மிக்கல் கனம். மாடிக்குத் தூக்க நான் ஒரு கை கொடுத்தேன். பீரோ உயர ஸ்பீக்கர்கள் இரண்டு அங்கே ஏற்கெனவே நின்றன. ஒரு நாதஸ்வர சி.டி. தட்டைப் போட்டு என்ன கேட்கிறது என்றார். ஜால்ரா மாதிரி வெண்கலத் தாளம் தட்டுகிறவர் தட்டி முடித்த பிறகும் ஒரு சன்னமான இழை ஓடிக்கொண்டே போகிறது என்றேன். அன்றைக்கு என்னைப் பிடித்தவர்தான், விடவே இல்லை. அவர் ஓய்வு பெற்றுத் திண்டிவனத்தில் வீடு கட்டிப் போன பிறகும் ஞாயிறு தன் பூசை முடிகிற நேரத்துக்கு பஸ் ஏறி வந்துவிடு என்பார். “மத்தவன் பெட்டி மேல பேரைப் படிச்சிட்டு நல்லா பாடுதுன்றான். உனக்கு அந்த பேஜாரு இல்ல” என்று கிண்டலும் செய்வார்.

சில வருஷம் முன்பு இரண்டாவதாக ஒன்று வாங்கினார். வெள்ளி நிறம், ஒல்லி. இரண்டில் எது உசத்தி என்று பார்க்க அவர் வைத்திருந்த முறை வேறெங்கும் நான் பார்க்காதது. ஒரே நாதஸ்வரத் தட்டில் இரண்டு வாங்கி, ஆளுக்கொரு பெட்டியில் போடுவோம். சார் பச்சைத் துண்டை உயர்த்தி, ரயிலை அனுப்புகிற மாதிரி “ரைட்” என்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துவோம். இரண்டு பெட்டியும் சேர்ந்து ஓடும். ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருப்பினால் கறுப்பு, மறுபடி திருப்பினால் வெள்ளி. ஒருவர் திருப்ப, மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்ல வேண்டும். நான் கொண்டுபோகும் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை அப்போது மெல்லக்கூடாது. எனக்குச் சில சமயம் ஒன்றும் பிடிபடாது. அதற்கும் சொல்வார்: “வித்தியாசம் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, ஏழுமலை. எனக்கோசரம் ஒண்ணைக் கண்டுபிடிக்காதே.”

போன வருஷம் ஒருநாள், “கறுப்புல தாளம் செத்துப்போச்சு” என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது. சென்னைக்கு அனுப்பினார். பழுது ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பழுது பார்க்கிறவனுக்குக் காது இல்லை என்று சார் கத்தினார். அப்போது கீழே குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. “அடுப்பை அணைங்கன்னுட்டுத் தானே பின்பக்கம் போனேன்” என்று ஸ்டெல்லாம்மா மேலே வந்து சண்டை போட்டார்கள். விசில் எங்கே அடித்தது என்று சார் கேட்டார். அம்மா அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டினார்கள். மாடியில் இருந்த எனக்கே அது நன்றாகக் கேட்டிருந்தது.

அன்று சாயங்காலம் என்னை பஸ் ஏற்ற ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பால் வேன் கீக் கீக் என்று கத்திக்கொண்டு ரிவர்ஸ் வந்தது. சார் நேராக அதற்குப் பின்னால் விட்டார். நான் அவர் தோளை அமுக்கி, காலை ஊன்றி நிறுத்தினேன். டிரைவருக்குக் கண்ணில்லை என்றார் சார். அந்த வாரம் முழுக்க போன் அடித்தாலே சார் வண்டியில் போய் அடிபட்டாரோ என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு குமிழ் என் கையில் இருந்தது. திருப்புவதுபோல் திருப்பி, பழைய இடத்திலேயே விட்டேன். இரண்டு தடவையும் ஓடியது கறுப்புதான்.

கண்ணை மூடியிருந்த சார், “இப்ப வெள்ளி. தாளம் பாரு, உயிரோட இருக்குது” என்றார்.

அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சொல்லாமல் பஸ் ஏறிவிடலாமா என்று நினைத்தேன். ஸ்கூட்டர் சாவி மேசை மேல் கிடந்தது.

“சார், ரெண்டும் கறுப்புதான். நான் மாத்தவே இல்ல” என்றேன்.

பாட்டு முடிகிற வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு, “எங்கூட ஒரு கார்டு இருந்தான். காது டெஸ்டுல தவறிட்டான்னு ஆபீஸ்ல உட்கார வச்சாங்க. அவங்கிட்ட யாருமே பேச மாட்டாங்க” என்றார். தட்டை வெளியே எடுத்தபடி, “ஸ்டெல்லாவாண்ட சொல்லிடாதே. சாவியப் புடுங்கிடுவா” என்றார்.

“நீங்களே குடுத்துடுங்க. அப்பதான் நான் வாயத் திறக்க மாட்டேன்” என்றேன். சார் என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். அவரிடம் அப்படிக் கறாராகப் பேசியது அந்த ஒரே தடவைதான்.

முழங்கால் வலி என்று சொல்லி வண்டி ஓட்டுவதை நிறுத்தினார். ஆனால் சாவி வீட்டில்தான் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நான் முதலில் பார்ப்பது ஸ்கூட்டர் மேல் தூசி இருக்கிறதா என்றுதான். அதன் பிறகும் இரண்டு பெட்டிகளையும் ஓட்டினோம். “தாளம் எப்பிடி, ஏழுமலை?” என்பார். இழை எங்கே தொடங்குகிறது, எங்கே மறைகிறது என்று சொல்வேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்.

போன வாரம் திண்டிவனம் போனேன். மகன் வீட்டில் ஒரு பிளேயருக்குத்தான் இடம் இருக்கிறது, எதை அனுப்பலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள் அம்மா. பேச்சுவாக்கில், அந்த முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டேன். “மாடிப்படிய ஓடி ஏறின முழங்காலு அது. காதுன்னு எனக்குத் தெரியாதாண்ணே? அவரா சொல்லட்டும்னு இருந்தேன்” என்றார்கள்.

ஒரு பொத்தானை அம்மா அழுத்த, இன்னொன்றை நான் அழுத்தினேன். துண்டை யாரும் எடுக்கவில்லை. எனக்கும் வயசாகிறது. தாளம் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே குமிழைத் திருப்பினேன். கறுப்பில் கேட்டது. வெள்ளியிலும் கேட்டது. ஏதாவது ஒன்றின் பெயரைச் சொன்னால் அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் சாரின் நாற்காலி எதிரில் இருந்தது.

“எனக்கு வித்தியாசம் தெரியலம்மா” என்றேன்.

எந்தப் பெட்டி எங்கே போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. அவரிடமிருந்து என்னோடு வந்திருப்பது வேறு. தெருவில் சைக்கிள் மணியோ, ரிவர்ஸ் வரும் வண்டியின் கீக் சத்தமோ கேட்டால் நான் வண்டியைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நடக்கிறவர் திரும்புகிறாரா என்று பார்க்கிறேன். திரும்பாவிட்டால், யார் எவர் என்று கேட்காமல், கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொள்கிறேன்.