கடுகு தாளிக்காத வீடு

கண்ணமங்கலத்திலிருந்து மலைப்பக்கமாகப் போகிற சாலையில், மாதாகோவிலை ஒட்டிய அந்தத் தெருவில் மிலிட்டரிக்காரர் இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். சந்தியாகப்பன் வெள்ளைக்காரன் காலத்திலேயே பட்டாளத்துக்குப் போனவர். கிறிஸ்துமஸ் பூசைக்கு வரும்போது இன்னும் அந்தப் பழைய காக்கிக் கோட்டைத்தான் மாட்டிக்கொண்டு வருவார். மனைவி இரண்டாவது பிரசவத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். மூத்தவன் சின்னப்பராஜ், அவனுக்குப் பத்து வயது இளையவன் சகாயம், இரண்டு பிள்ளைகள்தான் அவருக்கு.

சின்னப்பராஜ் எதற்கெடுத்தாலும் சிரிப்பான். பந்து விளையாட்டில் அவனை மடக்க சுற்று வட்டாரத்தில் ஆள் கிடையாது. எழுபத்து மூன்றாம் வருஷம் வேலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான். சந்தியாகப்பன் ஆடு அடித்துத் தெருவுக்கே சோறு போட்டார்.

பயிற்சி முடிந்து வடக்கே பனிமலை எல்லைக்குப் போனான். அங்கே கம்பெனி சுபேதார் ஒருவர் இவனைப் பார்த்துவிட்டு, தனக்கு ஆர்டர்லியாக வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பூட்ஸ் துடைப்பது, வெந்நீர் வைப்பது, துணி மடிப்பது. ஆரணிப் பக்கத்து அவில்தார் பஞ்சாட்சரம், "உனுக்கு யோகம்டா. பனியில நின்னு சாவ வேணாம்" என்று முதுகில் தட்டினார். சுபேதாருக்குக் கால்வலி. மாலையில் கடுகெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்வார். ஊரில் அப்பனுக்குக் கால் பிடித்துப் பழகியவன்தானே என்று தேய்த்தான்.

பனி விழுந்து பாதை மூடிய பிறகு ஒரு நாள் மத்தியானம் சுபேதார் கதவைத் தாழ் போட்டார். அங்கே நடந்ததைச் சொல்ல அவனிடம் தமிழிலும் வார்த்தை இல்லை, புதிதாகக் கற்ற இந்தியிலும் இல்லை. இருபத்தொரு வயது. மூட்டை நெல்லைத் தனி ஆளாகத் தூக்குகிறவன். ஆனால் அன்றைக்கு அவன் கை எழும்பவே இல்லை. உடம்பு கட்டையாகிப் போய், யாருக்கோ நடப்பதைப் போலக் கூரையின் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கை ஏன் எழும்பவில்லை என்ற கேள்வி அன்று அவனைப் பிடித்தது. பிறகு விடவே இல்லை.

பாதை திறக்கும் வரை அது நடந்துகொண்டே இருந்தது. தாங்க முடியாமல் பஞ்சாட்சரத்திடம் போய், தலையைக் குனிந்துகொண்டு, பாதி விழுங்கிப் பாதி சொன்னான். அவர் பீடியை இழுத்து முடித்துக் காலால் தேய்த்தார்.

"ஆம்பளைக்கு இன்னாடா ஆயிடும்? கயிதைய வுட்டுத் தள்ளு. வெளிய சொன்ன, உன்னியத்தான் துரத்துவானுங்க. அவுரு சர்வீசு இன்னா, உன் சர்வீசு இன்னா?"

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மறுவாரமே சிப்பாய்கள் படுக்கும் பாரக்கில் மற்றவர்கள் அவனைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். சாப்பாட்டு வரிசையில் அவன் வந்து நின்றால் ஒருத்தன் 'சுபேதாரோட மேம்சாப்புக்கு வழி விடுங்க' என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சாட்சரமும் சிரித்தார்.

பனி உருகின பிறகு ஒரு பரேடில், பின்னாலிருந்து வந்த சுபேதார் அவன் காலரைச் சரி செய்யக் கை வைத்தார். எழும்பாத கை அன்று எழும்பியது. திரும்பித் துப்பாக்கிக் கட்டையால் அவர் தாடையில் இடித்தான். உடனே அவனைப் பிடித்து அடைத்தார்கள். ஏன் அடித்தாய் என்று பெரிய அதிகாரி கேட்டார். மொழிபெயர்க்க நின்றவர் பஞ்சாட்சரம். அவர் முகத்தைப் பார்த்ததும் சின்னப்பராஜின் நாக்கு ஒட்டிக்கொண்டது. பஞ்சாட்சரமே இந்தியில் ஏதோ சொன்னார், நெற்றிப் பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டினார்.

மிலிட்டரி ஆஸ்பத்திரியில் மனநோய் வார்டில் போட்டார்கள். காதில் குரல் கேட்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது பைத்தியம் உண்டா என்று டாக்டர் கேட்டார். கேட்க வேண்டியதை ஒருத்தரும் கேட்கவில்லை. எழுபத்தாறில், வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சந்தியாகப்பன் வாசலிலேயே மறித்தார்.

"இன்னாடா தப்பு பண்ண?"

"ஒண்ணும் பண்ணல நைனா."

"ஒண்ணும் பண்ணாதவன எதுக்குடா அனுப்பறான்? திருடினியா? சண்டைன்னதும் ஓடினியா?"

அவன் டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ச் சுவரோரமாகப் படுத்தான். முதுகு சுவரில் ஒட்டினால்தான் அவனுக்குத் தூக்கம். பின்னால் யாராவது நின்றால் வியர்த்துக் கொட்டும். பஸ்ஸில் கடைசி இருக்கை கிடைக்காவிட்டால் இறங்கி நடந்துவிடுவான். முடி வெட்டுகிறவர் கழுத்தில் கை வைத்த உடனே கத்திரியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிவந்தான். அதிலிருந்து தானே கண்ணாடி பார்த்து வெட்டிக்கொண்டான். எதிர் டீக்கடையில் ரிட்டையர் ஆனவர்கள் உட்கார்ந்து பட்டாளத்துக் கதை பேசுவார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் எழுந்தால் கதவைச் சாத்திக்கொள்வான்.

கல்யாணம் செய்தால் தெளிந்துவிடுவான் என்று யாரோ சொன்னார்கள். சந்தவாசல் ஊர்க்காரி ஞானமேரியைக் கட்டிவைத்தார்கள். செங்கல் அறுக்கும் சூளையில் வேலை செய்து வளர்ந்தவள், அதிகம் பேசாதவள். கல்யாணமாகி மாதங்கள் ஓடின. அவள் பக்கத்தில் வந்தால் அவன் எழுந்து போய்விடுவான். தான் கறுப்பு, பல் எடுப்பு, அதுதான் காரணம் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். இன்னும் வயிற்றில் இல்லையா என்று தெரு கேட்டது. அவளைத்தான் கேட்டது.

சமைக்கும்போது இன்னொன்றைக் கவனித்தாள். எண்ணெயில் கடுகு வெடித்தால் அவன் வாந்தி எடுத்தான். இரண்டு தரம் பார்த்தாள். மூன்றாம் தரம் கடுகை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

சந்தவாசலுக்குப் புளி விற்க வரும் மலைக்காரர் மாதையனுக்கு, மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் தன் புளியந்தோப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அங்கே யாருக்கும் தன்னைத் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காகச் சின்னப்பராஜ் கிளம்பிவிட்டான். ஞானமேரியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் மலைப் பஸ் ஏறினாள். தோப்பில் அவனைக் கண்டுபிடித்து மூட்டையை இறக்கினாள்.

"அங்க ஒக்காந்து அழுவறத இங்க ஒக்காந்து அழுவறன். உங்கள ஒண்ணும் கேக்கல."

மாதையன் அதிகம் கேள்வி கேட்காத மனிதர். சாமை விதைக்கும் காலத்தில் ஏர் கொடுத்தார், குளிருக்குக் கம்பளி கொடுத்தார். மரத்துக்கு மரம் இடைவெளி அதிகம், ஆளுக்கு ஆள் அதைவிட அதிகம். சின்னப்பராஜ் வேலை செய்தான். சில நாள் பாட்டு முணுமுணுத்தான்.

மூன்றாம் வருஷம் மாசியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கட்டையால் புளி ஓட்டை நசுக்கிக்கொண்டிருந்தார்கள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் தலை நிமிராமலே கேட்டாள்.

"என் மேல இன்னா கொறன்னு மட்டும் சொல்லிடுங்க. நான் கேக்கறது அது ஒண்ணுதான்."

"உன் மேல ஒண்ணும் இல்ல மேரி."

"பின்ன?"

கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். தாழ் போட்ட கதவு, கூரைத் தகரம், கடுகெண்ணெய் நாற்றம், எழும்பாத கை, எல்லாவற்றையும் மண்ணைப் பார்த்தபடி சொன்னான். சொல்லி முடித்ததும் அவள் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

"அந்தப் பாவி நல்லாருப்பானா?" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க இன்னா பண்ணுவீங்க, ஒத்த ஆளு" என்றாள்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தாள். அவனும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தான். ஆனால் அதற்குப் பிறகு அவள் அவனைப் பார்க்கும் போதெல்லாம், அவள் கண்ணுக்குள் அந்த அறை தெரிவது போல இருந்தது. அவள் பரிவாகப் பேசப் பேச அவனுக்குக் கூசியது. முன்பு ஒரே பாயில் தள்ளியாவது படுத்தவன், இப்போது புளி கொட்டி வைக்கும் கொட்டகைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான். அவளுக்குக் காரணம் தெரிந்தது, என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. பிள்ளை இல்லாமலே அந்த வருஷங்கள் போயின.

எண்பத்து நான்கில், சகாயத்தையும் வேலூரில் பட்டாளத்துக்கு எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி சந்தைக்கு வந்தவர்கள் மூலம் மலைக்கு வந்தது. சின்னப்பராஜ் அப்போதே கிளம்பி, அடுத்த பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து கீழே இறங்கினான். ஏழு வருஷமாகக் கால் வைக்காத வாசல். வீட்டு முன்னால் ஆடு அறுத்துக்கொண்டிருந்தார்கள். தெருவே கூடியிருந்தது.

"சகாயம் போவக் கூடாது" என்றான்.

யாரோ சிரித்தார்கள். சந்தியாகப்பன் எழுந்து வந்தார். "நீ கோழையா திரும்பி வந்த. அவனும் வூட்ல முடங்கிக் கெடக்கணுமா?"

அவன் அப்பனைக் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டில் பக்கம் இழுத்துப் போனான். வருஷக்கணக்காகப் பிடிக்காத கை. அங்கே வைத்து, மனைவியிடம் சொன்னதை, அதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னான். அப்பன் அடிப்பார் என்று நினைத்தான். பொய் என்பார் என்று நினைத்தான். சந்தியாகப்பன் தீவனத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். தொட்டியில் கிடந்த வைக்கோலை ஒவ்வொன்றாக ஒடித்தார்.

"எங்க காலத்துலயும் இருந்துச்சுடா" என்றார் கடைசியில். "வாய மூடிக்கினு இருந்துட்டு வந்தோம். பென்சன் வந்துச்சு. புள்ள குட்டி வளத்தோம்."

"அப்ப தெரிஞ்சேதான் என்ன அனுப்புனியா நைனா?"

"எல்லாருக்குமா நடக்குது? போறவன்லாம் நல்லபடியாத்தான் வர்றான்."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு ஆடு அறுக்கும் இடத்துக்குப் போனார். கறியை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லும் அவர் குரல் கேட்டது. அந்தக் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

மறுநாள் கண்ணமங்கலம் பஸ் நிறுத்தத்தில் சகாயத்தைச் சுற்றிக் கூட்டாளிகள். மாலை போட்டிருந்தார்கள். அண்ணனைப் போலவே பல் தெரியச் சிரிக்கிறவன். சின்னப்பராஜ் அவனைத் தனியாகக் கூப்பிட்டான்.

"யாருனா உன்ன ஆர்டர்லியா கேட்டா ஒத்துக்காத."

"ஏண்ணா? அது லேசான வேலைன்னு நைனா சொன்னாரே."

"ஒத்துக்காதடா. அவ்ளோதான்."

"இன்னாண்ணா, காரணம் சொல்லேன்."

சொல்ல வாயைத் திறந்தான். பின்னால் கூட்டாளிகள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முதுகில் பட்டதும், துப்பாக்கிக் கட்டையை ஓங்கியவனுக்கு ஒரு சொல்லை ஓங்க முடியவில்லை. பஸ் வந்தது. சகாயம் அண்ணன் தோளைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டான். தட்டிய இடத்தைக் கையால் மூடிக்கொண்டு சின்னப்பராஜ் அங்கேயே நின்றான்.

மலைக்குத் திரும்பி வந்து அப்பன் சொன்னதை ஞானமேரியிடம் சொன்னான். அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவனுக்கு அழுகை வரவில்லை. அப்பனையும் நினைத்துப் பார்த்தான், எந்தக் கதவு, எந்த ஊர் என்று. அந்த நினைப்பையும் அவனால் முழுதாக நினைக்க முடியவில்லை.

அதன் பிறகு பேச்சு குறைந்தது. மாதையனுக்கு 'ஆமாங்க', 'இல்லீங்க', அவ்வளவுதான். சகாயம் முதல் லீவுக்கு வந்திருக்கிறான் என்று தகவல் வந்தபோது அவன் கீழே போகவில்லை. போய்ப் பார், உன் தம்பிதானே என்று மாதையன்கூடச் சொன்னார். தம்பியின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதுதான் அவன் பயம். ஞானமேரி மட்டும் ஒரு கூடை பலாச்சுளையும் தேனும் எடுத்துக்கொண்டு போய்விட்டு மறுநாள் மத்தியானம் திரும்பினாள். அவன் தோப்பில் இருந்தான். அவளே வரட்டும் என்று அசையாமல் நின்றான்.

"எப்டிகீறான்?"

அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

"எளைச்சிருக்கான். சரியா பேசல. தேன நக்கிக்கூடப் பாக்கல. பிரயாணக் களைப்புன்னு உங்க நைனா சொன்னாரு."

"சிரிச்சானா?"

ஞானமேரி அவன் முகத்தைப் பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டு புளி நெற்றுகளைக் கூடையில் அள்ளத் தொடங்கினாள். அவன் மறுபடி கேட்கவில்லை. துறட்டுக்கோலை எடுத்துக்கொண்டு தோப்பின் கடைசி மரத்துக்கு நடந்தான். அந்த மரத்தில் போன வாரமே காய் பறித்தாகிவிட்டது. வெறும் கிளைகளை அவன் இருட்டும் வரை உலுக்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஞானமேரி போய்க் கூப்பிடவில்லை.